கால்சினியூரினை அடக்கும் மருந்துகள்: ஓராண்டு வெற்றியும் பத்தாண்டு விலையும்

இதயமோ கல்லீரலோ மாற்றிக்கொண்ட ஒருவர் சில ஆண்டுகளில் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸுக்கு வருவது, மாற்று மருத்துவத்தில் அரிய செய்தி அல்ல. சிறுநீரகம் அல்லாத பிற உறுப்புகளைப் பெற்ற 69,321 அமெரிக்கர்களின் பதிவுகளை அலசிய ஆய்வொன்று 2003இல் வெளிவந்தது. அவர்களில் 16.5 விழுக்காட்டினருக்கு நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு வந்திருந்தது. வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம் எனக் காரணங்கள் பல. ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கும் பொதுவாக இருந்த ஒன்று, உறுப்பைக் காப்பதற்காக நாள்தோறும் விழுங்கிய மாத்திரை: சைக்ளோஸ்போரின் அல்லது டாக்ரோலிமஸ்.

இரண்டும் தாக்குவது கால்சினியூரின் என்ற ஒரே நொதியைத்தான். அந்நிய உறுப்பைக் கண்டதும், உடலின் எதிர்ப்புப் படையைச் சேர்ந்த டி-செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது. அந்தக் கால்சியம் கால்சினியூரினை விழிக்கச் செய்கிறது. அது என்ஃபேட் என்னும் புரதத்தின் மீதுள்ள பாஸ்பேட்டுகளைக் களைகிறது. களைந்ததும் என்ஃபேட் செல்லின் உட்கருவுக்குள் போய், படை திரட்டும் மரபணுக்களை இயக்குகிறது. மருந்து கால்சினியூரினை அடைத்துவிட்டால் படை திரள்வதில்லை, உறுப்பு தப்புகிறது. இந்த விளக்கம் கிடைத்தது 1991இல்தான். சைக்ளோஸ்போரினோ அதற்கு வெகு முன்பே மருத்துவமனைக்குள் வந்துவிட்டது.

அதன் பிறப்பிடம் நார்வேயின் ஹர்தாங்கர்விடா மேட்டுநிலத்து மண். 1969இல் சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்துக்காக அங்கிருந்து எடுத்துவந்த மண்ணில் இருந்த பூஞ்சையில் சைக்ளோஸ்போரின் கிடைத்தது. 1978இல் கேம்பிரிட்ஜில் அறுவை மருத்துவர் ராய் கால்ன் அதை முதன்முதலாக மாற்று நோயாளிகளுக்குக் கொடுத்தார். அதுவரை இறந்தவரிடமிருந்து பெற்ற சிறுநீரகங்களில் ஏறக்குறைய பாதி ஓராண்டுக்குள் வீணாகிக்கொண்டிருந்தன. 1967இல் கேப் டவுனில் முதல் இதய மாற்று நடந்து உலகமே கொண்டாடியது. அந்த நோயாளி பிழைத்தது 18 நாள். அடுத்த சில ஆண்டுகளில் பல மருத்துவமனைகள் இதய மாற்றையே கைவிட்டன. அதை மீட்டெடுத்த பெருமையில் பெரும்பங்கு சைக்ளோஸ்போரினுக்கு உண்டு. இந்தியாவின் முதல் வெற்றிகரமான இதய மாற்று 1994இல் டெல்லியில் நடந்தபோதும், இன்று சென்னையில் ஆண்டுதோறும் நடக்கும் மாற்றுகளின்போதும் அடித்தளமாக இருப்பது இதே மருந்துக் குடும்பம்தான். இதை மறந்துவிட்டு அதன் குறைகளைப் பேசுவது நன்றிகெட்ட பேச்சு.

ஆனால் குறை முதல் நாளிலிருந்தே தெரிந்ததுதான். விலங்குச் சோதனைகள் எச்சரிக்காத சிறுநீரகப் பாதிப்பைக் கால்ன் தம் முதல் நோயாளிகளிடமே கண்டார். அப்போது கொடுத்த அளவு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 25 மில்லிகிராம். இன்றைய அளவோடு ஒப்பிட்டால் திகைப்பாக இருக்கிறது. அளவு படிப்படியாகக் குறைந்தாலும் பாதிப்பு ஒழியவில்லை. கால்சினியூரின் டி-செல்லின் தனிச்சொத்து அல்ல. மூளையில் அது மிக அதிகம், டி-செல்லில் குறைவு. குறைவாக இருப்பதால்தான் டி-செல் முதலில் அடங்குகிறது. மருந்து வேலை செய்யும் ரகசியமே அதுதான். ஆனால் மற்ற இடங்களும் முற்றிலும் தப்புவதில்லை. கை நடுங்குகிறது. இன்சுலின் சுரக்கும் செல்கள் தளர்ந்து, முன்பு இல்லாத சர்க்கரை வருகிறது. சிறுநீரகத்துக்குள் ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்கள் இறுகுகின்றன. சிறுநீரகம் மாற்றியவருக்கு இது இரட்டைக் கொடுமை: உறுப்பைக் காக்கும் மருந்தே உறுப்பை மெல்ல வடுப்படுத்துகிறது.

என் குற்றச்சாட்டு மருந்தின் மேல் அல்ல, அதை அளக்கும் கோலின் மேல். மாற்று மையங்கள் ஓராண்டு வெற்றி விழுக்காட்டை விளம்பரப் பலகையில் எழுதுகின்றன. அந்த எண் சைக்ளோஸ்போரின் காலத்தில் பாய்ந்து உயர்ந்தது உண்மை. பத்தாம் ஆண்டில் உறுப்பு எத்தனை பேரிடம் மிஞ்சியது என்ற கணக்கு அதே வேகத்தில் உயரவில்லை. அந்தக் கணக்கைப் பலகையில் நான் கண்டதில்லை.

இதய நோயில் இதே நொதி நடத்திய நாடகம் தனி. 1998இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மோல்கென்டின், ஓல்சன் குழுவினர், இதயத்தில் கால்சினியூரின் ஓயாமல் இயங்கும்படி மரபணு மாற்றிய எலிகளை உருவாக்கினர். அவற்றின் இதயம் இரண்டு மூன்று மடங்கு பருத்து, பின் தளர்ந்து செயலிழந்தது. சைக்ளோஸ்போரின் கொடுத்ததும் பருமன் தடுக்கப்பட்டது. ரத்த அழுத்தத்தால் தடிக்கும் மனித இதயத்துக்கும் இதுவே மருந்து என்ற ஆரவாரம் எழுந்தது. அடுத்த ஈராண்டில் மகாதமனியை இறுக்கி அழுத்தம் ஏற்றிய எலிகளில் சில ஆய்வகங்கள் பலன் கண்டன, சில காணவில்லை. அதற்காக அடிப்படைக் கண்டுபிடிப்பே தவறு என்று சொல்ல முடியாது. கால்சினியூரினின் ஒரு வடிவத்தை மரபணுவிலேயே நீக்கிய எலிகளின் இதயம் அழுத்தத்துக்கு அவ்வளவாகத் தடிக்கவில்லை. நொதிக்குப் பங்கு உண்டு. கையிலிருந்த மருந்துதான் அதற்கு ஏற்றதல்ல. நோயாளியை நினைத்துப் பார்த்தாலே போதும். இம்மருந்துகள், குறிப்பாக சைக்ளோஸ்போரின், ரத்த அழுத்தத்தை ஏற்றும். அழுத்தம் ஏறினால் இதயம் தடிக்கும். ஒரு வழியை அடைத்து மறு வழியைத் திறந்துவிடும் மருந்தை இதயத் தடிப்புக்குக் கொடுக்காமல் விட்டது சரியான முடிவு.

மாற்று மருத்துவத்தில் இம்மருந்தைத் தூக்கியெறியலாமா? முயன்று பார்த்தார்கள். 2007இல் வெளியான சிம்பனி ஆய்வில் 1,645 சிறுநீரக மாற்று நோயாளிகள் பங்கேற்றனர். கால்சினியூரினைத் தொடாத சிரோலிமஸ் பிரிவில் 37 விழுக்காட்டினருக்கு உறுப்பு நிராகரிப்பு வந்தது. குறைந்த அளவு டாக்ரோலிமஸ் பெற்றவர்களில் அது 12 விழுக்காடு; சிறுநீரகச் செயல்பாடும் அவர்களுக்கே மேல். இன்னொரு மாற்றான பெலாடாசெப்ட், ஏழாண்டு முடிவில் சைக்ளோஸ்போரினை விடச் சிறந்த பலன் தந்தது. தொடக்கத்தில் நிராகரிப்பு அதிகம் என்பதும், வாழ்நாள் முழுக்க ஊசிவழி ஏற்ற வேண்டும் என்பதும் அதன் தடைகள். ஆகவே இப்போதைக்கு விடை, குறைந்த அளவும் கூர்ந்த கண்காணிப்பும்.

கண்காணிப்பு என்பது நடைமுறையில் என்ன? முந்தைய இரவு எட்டு மணிக்கு மாத்திரை போட்டவர், காலை எட்டு மணிக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரையைக் கையில் வைத்திருந்து, ரத்தம் எடுத்த பிறகே விழுங்க வேண்டும். பழக்கத்தில் வீட்டிலேயே போட்டுவிட்டு வந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். அதை நம்பி மாத்திரையைக் குறைத்தால் உறுப்புக்கு ஆபத்து.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. செலவைக் குறைக்க, ரத்த அழுத்த மருந்தான டில்டியாசெம், பூஞ்சைக்கு எதிரான கீட்டோகோனசோல் போன்றவற்றைச் சேர்த்துக் கொடுப்பது இங்கு வழக்கம். அவை கல்லீரலில் மருந்து சிதைவதைத் தடுப்பதால் குறைந்த மாத்திரையே போதுமானதாகிறது. ஏழை நோயாளிக்கு இது நியாயமான உபாயம்தான். ஆனால் பிரஷர் இறங்கிவிட்டது என்று வேறொரு மருத்துவர் டில்டியாசெமை நிறுத்தினால் டாக்ரோலிமஸ் அளவு சரிந்துவிடும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் இன்னும் வேகமாகச் சரியும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் எகிறும். எனவே மாற்று உறுப்போடு வாழ்பவர்களும் குடும்பத்தினரும், இருமலுக்கே போனாலும் மருந்துச் சீட்டை முதலில் நீட்டுங்கள். எந்த மாத்திரையையும் சேர்க்கும் முன்பும் நிறுத்தும் முன்பும் மாற்று மையத்துக்கு ஒரு போன் போடுங்கள்.