இருபது நாள் காத்திருந்தவர்

கோவில்பட்டி கிருஷ்ணா நகர் ஹாக்கி மைதானத்தில் சாயங்கால ஆட்டம் பார்த்துப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எதிரணிக்காரர் பந்தோடு பாய்ந்து வரும்போது நல்ல டிஃபெண்டர் உடனே ஸ்டிக்கை நீட்டி விழமாட்டார். கூடவே பின்னால் நகர்வார், மெல்ல ஓரத்துக்கு ஒதுக்குவார், பந்து மட்டையைவிட்டு ஒரு சாண் விலகும்வரை பொறுத்திருப்பார். வெளியூர்க்காரர்தான் “ஏன் பயந்து பின்வாங்குறான்?” என்று கேட்பார். உள்ளூர்ப் பெரியவர்கள் பதில் சொல்லாமல் அடுத்த மூன்று நொடியைப் பார்ப்பார்கள்.

ஹாக்கியில் இவ்வளவு கூர்மையாக இருக்கும் இந்தக் கண், கரிசல் காட்டின் மிகப் பிரபலமான ஆட்டம் ஒன்றை மட்டும் அறுபது வருஷத்துக்கும் மேலாகத் தப்பாகவே பார்த்துக்கொண்டிருக்கிறது. 1959-ல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் ஜாக்சன் துரையைச் சந்திக்கும் காட்சிதான் அது. இந்தப் பக்கத்துப் பள்ளி ஆண்டு விழாக்களில் ஒட்டு மீசையும் அட்டை வாளுமாக ஒரு பையன் அதைப் பேசிக் கைதட்டல் வாங்காமல் இருந்ததில்லை. தொண்டை கட்டும்வரை கத்துகிறவனுக்கே முதல் பரிசு.

கதை நாயகராக ஆடியவர் யார் என்று இங்கே சொல்ல வேண்டியதில்லை. 1960-ல் கெய்ரோ விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்ற ஆட்டம் அது. ஆனால் காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். எடுத்த எடுப்பில் அவர் முழங்குவதில்லை. ஜாக்சன் கேட்ட கேள்வியை முழுசாக வாங்கி, அதையே திருப்பி அவன் காலடியில் போடுகிறார். பந்தை நிறுத்தி, வந்த வழியே அனுப்பும் வேலை. முழக்கம் அதற்கப்புறம்தான் வருகிறது. மேடை நாடகமாக ஊர் ஊராகச் சுற்றிவிட்டுப் படமான கதை என்பதால் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் அதில் ஒட்டிக்கொண்டதும் இயல்பே. ரசிகர்கள் முழக்கத்தை எடுத்துக்கொண்டார்கள், முதலில் பந்தை நிறுத்திய நிதானத்தை விட்டுவிட்டார்கள்.

இந்தக் காட்சியை வைத்து நடக்கும் சண்டையும் சலிப்பூட்டுகிறது. “அப்படியொரு வசனம் நடக்கவே இல்லை, வரலாற்றைக் கெடுத்துவிட்டார்கள்” என்று ஒரு கட்சி. “சினிமாதானே, விடுங்கள்” என்று இன்னொரு கட்சி. இரண்டு பேருமே பந்தைப் பார்க்கிறார்கள், ஆட்டக்காரரின் காலைப் பார்ப்பதில்லை.

அந்தக் கால் என்ன செய்தது? 1798-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டர் ஜாக்சன் தன்னை வந்து பார்க்கும்படி ஓலை அனுப்பினார். கட்டபொம்மன் குற்றாலம் போனார், பார்க்க முடியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் போனார், அங்கும் இல்லை. 20 நாளுக்கு மேல் இப்படி இழுத்தடிக்கப்பட்டு, கடைசியில் செப்டம்பரில் ராமநாதபுரத்தில்தான் சந்திப்பு நடந்தது. அங்கேயும் மூன்று மணி நேரம் நிற்க வைத்தார்கள். பிறகு கைகலப்பு மூண்டது, லெப்டினன்ட் கிளார்க் இறந்தார், கட்டபொம்மன் தப்பினார், அமைச்சர் சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

அடுத்து நடந்ததுதான் இந்த ஆட்டத்தின் கோல். ஊர் திரும்பியதும் கட்டபொம்மன் சென்னை அரசுக்கு முறையீடு அனுப்பினார். பிரவுன், ஓரம், காசாமேஜர் மூவர் கொண்ட குழு விசாரித்தது. கட்டபொம்மன் மேல் குற்றமில்லை என்று முடிவாயிற்று. பதவி போனது ஜாக்சனுக்கு! கம்பெனியின் விதிப்படியே ஆடி, கம்பெனியின் நடுவர்களையே தன் பக்கம் விசில் ஊத வைத்தவர் அவர். பொறுத்துப் பொறுத்து வாங்கிய அந்த வெற்றியை எந்த ஆண்டு விழாப் பையனும் நடித்துக் காட்டுவதில்லை.

நிஜ மனிதர்களைப் பற்றிய படங்களில் எவ்வளவு கற்பனை செல்லும் என்ற கேள்விக்கு இங்கேயே பதில் இருக்கிறது. பேச்சைப் புனையலாம். ராமநாதபுரத்து அறையில் பேசியதை யாரும் வார்த்தைக்கு வார்த்தை எழுதிவைக்கவில்லை, எழுத்தாளர் எழுதத்தான் வேண்டும். ஆனால் ஒருவர் எடுத்த முடிவைப் புனையக்கூடாது. காத்திருந்தவரைப் பாய்ந்தவராகக் காட்டினால் அது வேறொரு ஆளின் ஆட்டம்.

கயத்தாறில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். கோவில்பட்டியிலிருந்து நெல்லை போகும் சாலையில் கட்டபொம்மன் சிலை நிற்கிறது. அந்த வேடம் போட்டவரே இடம் வாங்கி 1970-ல் எழுப்பிய நினைவிடம் அது, அதற்கு இந்த மண் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. விசாரணையில் ஜெயித்த அடுத்த ஆண்டே, 1799 அக்டோபர் 16 அன்று, இங்கேதான் தூக்கு. படத்தில் கம்பெனித் தளபதி பானர்மேனுக்கு எதிரே வசனம் கொட்டுகிறது. பானர்மேன் அரசுக்கு எழுதிய கடிதத்திலோ வேறொரு மனிதர் இருக்கிறார். விசாரணையில் கலங்காத முகம். எட்டயபுரம், சிவகிரிப் பாளையக்காரர்களை அடிக்கடி பார்த்த ஏளனப் பார்வை. மரத்தை நோக்கி உறுதியான நடை. வழியில் வாய் பேசாத தம்பியைப் பற்றி மட்டும் கவலை. மரத்தடியில், கோட்டையை விட்டு வந்ததற்கு ஒரு வருத்தம். தூக்கிலிட்டவனே வியந்து எழுதிய இந்தக் காட்சிக்கு எந்த எழுத்தாளர் என்ன சேர்த்துவிட முடியும்?

எட்டயபுரத்துக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. கட்டபொம்மனோடு பழைய எல்லைத் தகராறு உள்ள பாளையம் அது. வெளிப்படையாகவே கம்பெனி பக்கம் நின்றது. கூட இருந்து குழி பறித்ததாகச் சொல்ல முடியாது. பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான். ஆனால் கதைப்பாடலில் தொடங்கி மேடை, திரை என்று வந்து ‘எட்டப்பன்’ என்ற பரம்பரைப் பட்டமே துரோகிக்கு மறுபெயராகிவிட்டது. எதிரணி வீரரை நம் அணியின் கறுப்பு ஆடு என்று எழுதுவதற்குச் சமம் இது. உமறுப் புலவர் அடங்கிய மண், முத்துசுவாமி தீட்சிதர் உயிர் நீத்த ஊர், பாரதி பிறந்த இடம். அந்த ஊர்ப்பிள்ளை வெளியூரில் ஊர்ப்பெயர் சொன்னதும் எதிரே ஒரு நமட்டுச் சிரிப்பு எழுகிறதே, அதற்கு யார் பொறுப்பு?

ஹாக்கி ஊருக்கு ஹாக்கி உதாரணமும் உண்டு. 1948 லண்டன் ஒலிம்பிக் இறுதியாட்டத்தை வைத்து 2018-ல் வந்த ‘கோல்டு’ என்ற இந்திப் படம் பெயர்களை மாற்றிக்கொண்டது, அதில் குற்றமில்லை. ஆனால் ஒருதலைப்பட்சமாக முடிந்த ஆட்டத்தை, பின்தங்கித் தவித்து எழுந்து ஜெயித்த ஆட்டமாக மாற்றிவிட்டது. சுதந்திரம் வாங்கி ஒரே வருஷம், முன்னாள் ஆண்டானின் சொந்த மைதானம், அவனை மூச்சுவிட விடாமல் ஆடினார்கள். அந்த மேலாதிக்கம்தான் கதை. அதை எடுத்துவிட்டு நெஞ்சு படபடப்பை வைத்தது கைக்கு வந்த தங்கத்தைக் கொடுத்துப் பித்தளை வாங்கிய கதை.

1961-ல் கட்டபொம்மன் படத்தின் இயக்குநரும் நாயகரும் வ.உ.சி. கதையான ‘கப்பலோட்டிய தமிழ’னில் அடக்கி ஆடினார்கள். படம் ஓடவில்லை. ஆனால் வ.உ.சி. வாழ்க்கை எவ்வளவு கற்பனைக்கு எட்டாதது என்று பாருங்கள். 1912 டிசம்பரில் சிறையைவிட்டு வெளியே வந்தபோது மாலையோடு கூட்டம் இல்லை, தொழுநோய் பிடித்த சுப்பிரமணிய சிவா நின்றார். வக்கீல் உரிமத்தைத் திரும்ப வாங்கித்தந்த வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் பெயரை மகனுக்கு வாலேஸ்வரன் என்று வைத்தார். வெள்ளையனுக்கு எதிராகக் கப்பல் விட்டவர் செய்த காரியம் இது. பிறகு கோவில்பட்டியிலேயே வழக்காடினார். அடுத்த வ.உ.சி. படம் இந்தக் கோவில்பட்டி வருஷங்களிலிருந்துதான் தொடங்கும், தொடங்க வேண்டும்.

கோவில்பட்டி ஹாக்கியைப் பற்றியும் சீக்கிரமே ஒரு படம் வரும். தீப்பெட்டி ஆபீஸில் அம்மா, கடலை மிட்டாய்க் கடையில் அப்பா, கடைசி விசிலுக்கு முன் நாயகனின் கோல். நாயகன் கட்டாயம் சென்டர் ஃபார்வர்டாக இருப்பான், பின்னால் நகர்ந்து நகர்ந்து ஆட்டத்தைக் காப்பாற்றிய டிஃபெண்டருக்கு இரண்டு வசனம் கிடைத்தால் பெரிது. இந்தக் கணிப்பு பொய்த்தால் இந்த ஊர் முழுக்கச் சந்தோஷப்படும்.

இன்னொரு கணிப்பும் உண்டு. கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சியைப் பற்றிய அடுத்த படத்தின் நாயகர் அந்த வாய் பேசாத தம்பி ஊமைத்துரையாக இருப்பார். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, தரைமட்டமான கோட்டையைச் சில நாளில் திரும்ப எழுப்பியவர். அவரோடு போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் அவர் படை நடத்திய விதத்தை எழுதிவைத்திருக்கிறார். இடது உள்ளங்கையில் துரும்புகளை அடுக்குவாராம், அதுதான் ஆங்கிலேயர் படை. எப்போது என்று சைகை காட்டுவாராம். பிறகு வாயால் ‘உஸ்’ஸென்று ஓசை எழுப்பி, வலது கையால் அத்தனை துரும்பையும் ஒரே வீச்சில் துடைத்தெறிவாராம். அதைப் பார்த்ததும் படை கிளம்பிவிடும்.