உருட்ட உருட்டப் பச்சை

மீன் வளர்ப்பவர்களுக்குப் பாசி என்றாலே கண்ணாடியைச் சுரண்டும் வேலைதான் ஞாபகத்துக்கு வரும். அதே பாசிக் கூட்டத்தைச் சேர்ந்த மாரிமோவை மட்டும் காசு கொடுத்து வாங்கித் தொட்டியில் விடுகிறார்கள். காரணம் அதன் உருண்டை. நடுவில் கல்லோ விதையோ கிடையாது. நூல் நூலான இழைகள் நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் நீண்டு நெருங்கி நிற்கின்றன, அவ்வளவுதான். கையில் எடுத்தால் வழுக்காது. சற்றுச் சொரசொரப்பாக, நனைந்த கம்பளி மாதிரி இருக்கும்.

இந்த உருண்டை, பாசியின் சொந்தச் சரக்கு அல்ல என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். இதே பாசி பாறையில் ஒட்டிக்கொண்டும் வளரும். உதிரி இழைகளாகவும் மிதக்கும். ஜப்பானின் ஹொக்கைடோ தீவில், அகான் ஏரியின் ஆழம் குறைந்த வடகரையில், காற்று கிளப்பும் அலை அதை இடைவிடாமல் புரட்டிக்கொண்டே இருக்கிறது. எல்லாப் பக்கமும் முறைவைத்து வெயில் படுகிறது. ஒன்றோடொன்று உரசி மேலே படிந்த சேறும் போய்விடுகிறது. ஆண்டுக்கு 5 மி.மீ. போல வளர்கிற ஒன்று, அங்கே 20, 30 செ.மீ. குறுக்களவு வரைக்கும் போகிறது. 1921-இல் இயற்கை நினைவுச் சின்னமாகவும், 1952-இல் சிறப்பு நினைவுச் சின்னமாகவும் ஜப்பான் அதை அறிவித்தது. அந்த ஏரியிலிருந்து ஒன்றையும் எடுத்து வர முடியாது.

வீட்டுத் தொட்டியில் அலை இல்லை. ஆகவே அலையின் வேலை நம் கைக்கு வருகிறது. தண்ணீர் மாற்றும்போது உருண்டையை வெளியே எடுத்து, வேறொரு கிண்ணத்து நீரில் மெல்லப் பிழிய வேண்டும். பழுப்பாக ஒரு கலங்கல் இறங்கும். நீர் தெளிகிறவரை இரண்டு மூன்று முறை பிழிந்துவிட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி, இதுவரை அடியில் கிடந்த பக்கம் மேலே வரும்படி வைத்தால் போதும். பலர் இதைச் செய்வதில்லை. உருண்டை மெல்ல அடைபோலச் சப்பையாகிறது, அடிப்பக்கம் பழுப்பேறுகிறது.

வெயில் நேராகப் படக் கூடாது, பட்டால் வெளிறும். குழாய்த் தண்ணீரானால் ஓர் இரவு திறந்து வைத்து, குளோரின் போன பிறகு ஊற்றலாம். அதற்குக் குளிர்ந்த நீர்தான் பிடிக்கும், 25 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் இதுதான் பெரும்பாடு. சின்னக் கிண்ணமானால் சில நாள் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்துவிடலாம், கெடாது. தங்கமீனோடு மட்டும் விடாதீர்கள், பிய்த்துவிடும். இறால் வைத்தால் மேலே படியும் அழுக்கை அதுவே மேய்ந்து கொடுக்கும்.

நல்ல வெளிச்சம் கிடைத்த நாளில் இழை நுனிகளில் ஆக்சிஜன் குமிழிகள் பொடிப் பொடியாகக் கோத்து நிற்கும். அவை சேரச் சேர உருண்டை தரையைவிட்டு எழும்பும்; இருட்டினால் இறங்கிவிடும். இதில் பாசியின் உள்கடிகாரத்துக்கும் பங்குண்டு என்று 2018-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். எனக்கு இது மீன் நீந்துவதைவிடச் சுவாரசியமான காட்சி. மீன் விரும்பிகள் மன்னிக்க வேண்டும்.

வாங்கும்போது ஒரு கவனம் வேண்டும். ஏதோ ஒரு பாசியைப் பிளாஸ்டிக் பந்தில் சுற்றி விற்பவர்களும் உண்டு. அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். 2021-இல் அமெரிக்காவில் விற்ற உருண்டைகளுக்குள் வரிக்குதிரைச் சிப்பி ஒளிந்து வந்து பெரிய கலவரமே ஆனது. அதனால் கொஞ்ச நாள் தனிக் கிண்ணத்தில் வைத்துப் பார்த்துவிட்டு விடுவது நல்லது. இப்போதெல்லாம் பொம்மையும் கூழாங்கல்லும் சேர்த்துச் சீசாவில் அடைத்துப் பரிசுப் பொருளாகத் தருகிறார்கள். பொம்மை அவரவர் ரசனை. ஆனால் அந்தச் சீசாவின் குறுகிய வாயில் கை நுழையாது. நுழையாவிட்டால் உருட்டுவது எப்படி? வாய் அகன்ற கண்ணாடிப் பாத்திரமாகப் பார்த்து வாங்குங்கள்.