பிள்ளைகளுக்குப் பட்டியல் போதாது

பள்ளிப் பிள்ளைகளைப் பறவை பார்க்க அழைத்துப்போவது இப்போது பரவலாகிவிட்டது, நல்ல மாற்றம். ஆனால் ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு, பிப்ரவரியில் உலகெங்கும் நான்கு நாள் நடக்கும் கணக்கெடுப்பு என்று அந்தப் பழக்கம் முழுவதும் எண்ணுவதைச் சுற்றியே அமைந்துவிட்டது. ஓரிடத்தில் பதினைந்து நிமிடம் நின்று, கண்ணில் பட்டதைப் பெயரும் எண்ணிக்கையுமாக இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றினால் வேலை முடிந்தது. அதன் பயனை மறுப்பதற்கில்லை. 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையால், நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 விழுக்காடு குறைந்துவிட்டதாகச் சொல்ல முடிந்தது இத்தகைய பட்டியல்கள் குவிந்ததால்தான். ஆய்வாளருக்கு உதவும் அதே பட்டியல் பிள்ளைக்கும் பறவையை அறிமுகப்படுத்திவிடும் என்ற வாதத்தைத்தான் ஏற்க முடியவில்லை.

‘தவிட்டுக்குருவி – 7’ என்று ஒரு பிள்ளை எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். வேலியோரம் சருகைப் புரட்டும் அந்தக் கூட்டத்தில் ஒன்று மட்டும் தரையில் இறங்காமல் கிளையில் உட்கார்ந்து காவல் பார்க்கும். வல்லூறு தென்பட்டால் அது கத்தும். மற்றவை புதருக்குள் பாயும். கூட்டில் குஞ்சிருந்தால் பெற்றவை மட்டுமல்ல, கூட்டத்தின் மற்றவையும் இரை கொண்டுவந்து ஊட்டும். அந்தக் குஞ்சுகளில் ஒன்று அக்காக்குயிலின் குஞ்சாகக்கூட இருக்கலாம். இரண்டின் முட்டைகளும் நீலம் என்பதால் ஏமாற்று பலித்துவிடுகிறது. இவ்வளவும் பள்ளி வளாகத்துக்குள்ளேயே நடப்பவை. பட்டியலில் இவற்றுக்கு இடமில்லை. ‘7’ என்று எழுதியதும் பிள்ளையின் பார்வை அடுத்த பறவையைத் தேடிப் போய்விடுகிறது. அதிக இனம் பார்த்தவருக்குப் பரிசு என்று போட்டி வைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்: காகமும் மைனாவும் முதல் நிமிடத்தோடு தீர்ந்துபோன பறவைகள். கைபேசிச் செயலியோ குரலைக் கேட்டவுடன் பெயரைக் காட்டிவிடுகிறது; எங்கிருந்து கூவியது, எதற்குக் கூவியது என்று தேடும் வேலையே பிள்ளைக்கு மிச்சமில்லை.

கணக்கெடுப்பின் காலமும் இதற்குத் துணைபோகிறது. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் இருப்பதால் பட்டியல் நீளும். ஆனால் காகம் கூடு கட்டுவதும் குயில் அதில் முட்டையிடுவதும் கோடையில். பிப்ரவரியில் ஆண் தூக்கணாங்குருவியிடம் மஞ்சள் நிறம்கூட இராது. ஊர்க்குருவிபோல் பழுப்பாகத் திரியும். மழைக்காலத்தில் அதே பறவை புல்தாளின் ஓரத்தைக் கடித்துக் கவ்விக்கொண்டு பறக்க, தாள் நாராகக் கிழிந்துவரும். கூடு பாதி ஆனதும் பெண் வந்து பார்க்கும். பிடித்தால்தான் மீதி வேலை நடக்கும். பிடிக்காத அரைக்கூடு அப்படியே தொங்கும். பெண் குடிபுகுந்தபின் ஆண் இன்னொரு கூட்டைத் தொடங்கிவிடும். இந்தக் குடும்பக் கதையைப் பறவையியலாளர் சலீம் அலி 1930-இல் கிஹீம் கடற்கரைக் கிராமத்தில் ஒரே குடியிருப்பை மாதக்கணக்கில் பார்த்துக் கண்டறிந்தார். எத்தனை இனம் பார்த்தோம் என்று எண்ணியபடி நடந்தவருக்கு அது கிடைத்திருக்காது.

முதலில் பெயர் தெரியட்டும், மற்றதெல்லாம் தானே வரும் என்பார்கள். தானே வருவதில்லை. அதிகப் பெயர் சொல்லும் பிள்ளைக்குப் பாராட்டு கிடைக்கும்போது, மற்றவர்களும் பெயரைத்தான் துரத்துவார்கள். கூட்டைப் பார்க்கப் பழக்கினால் பறவைக்குத் தொல்லை என்ற மறுப்பு நியாயமானது. கூட்டை நெருங்குவதும் படமெடுப்பதும் கூடாது. ஆனால் எட்ட நின்று, பறவை இரையோடு வருவதையும் வெறும் அலகோடு போவதையும் கவனிக்க யார் தடை? நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியர் இதெல்லாம் செய்ய முடியாது என்றும் சொல்லப்படுகிறது. அந்த நாற்பது பேரையும் பேருந்தில் ஏற்றி வேடந்தாங்கலுக்குக் கொண்டுபோக முடிகிறதே! பள்ளி வேப்பமரத்தடியில் ஒரே தவிட்டுக்குருவிக் கூட்டத்தை வாரம் ஒருமுறை, ஜூன் முதல் மார்ச் வரை பார்க்க வைப்பதற்குப் பேருந்தும் வேண்டாம், செயலியும் வேண்டாம்.