முன்னேசுவர வேள்வியும் கருத்துப் போரும்

சிலாபத்தை அடுத்த முன்னேசுவரம் ஈழத்துப் பழம்பெருஞ் சிவத்தலங்களுள் ஒன்று. அங்குள்ள சிவன் கோயிலில் ஆகம முறைப்படி பூசை நிகழும், உயிர்ப்பலி இல்லை. அதற்கு அண்மையிலுள்ள பத்திரகாளி கோயிலிலேயே, ஆண்டுத் திருவிழா முடிவையொட்டி ஆடுகளும் கோழிகளும் பலியிடப்பட்டு வந்தன. 'முன்னேசுவர வேள்வி' என்னும் தொடரே இவ்விரண்டையும் ஒன்றாக்கி மயக்கந் தருவது. அம்மயக்கத்திலேயே பூசல் தொடங்கிற்று.

2011 செப்டெம்பரில் பௌத்த பிக்குகளும் விலங்கு நலம் பேணுவோரும் பலியை எதிர்த்தனர். அமைச்சர் மேர்வின் சில்வா நேரிற் சென்று, பலிக்கெனக் கொணரப்பட்ட விலங்குகளை அகற்றுவித்தார். பின்னர் வழக்கு நீதிமன்றம் ஏறிற்று. 2019 இல் இந்துக் கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் சட்டம் வரைய அமைச்சரவை இசைந்தது.

எதிர்த்தோரை ஓரணியினர் எனக் கொள்ளுதல் பிழையாம். கொல்லாமையைப் பொது அறமாகக் கொண்டு பேசினோர் ஒரு சாரார். சைவரோ வேறு நிலையினின்று பேசினர். சிறுதெய்வக் கோயில்களில் உயிர்க்கொலை புரிதலை ஆறுமுக நாவலர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கடிந்தார். அது சைவத்துக்கு உள்ளிருந்து எழுந்த குரல். அந்தக் குரலுக்கு விடை கூறும் கடமை சைவர்க்கு உண்டு. அமைச்சர் விலங்குகளைக் கொண்டு சென்ற பின்னரோ வினா வேறாயிற்று. பலி தகுமா என்பது போய், பிறர் வந்து தடுக்கலாமா என்பதே முன்னின்றது. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை தரும் மதச் சுதந்திரம் அப்போது வாதப்பொருளாயிற்று. அந்நிலையில், பலியை உள்ளூர வெறுக்குஞ் சைவரும் வாய்திறக்கத் தயங்குதல் இயல்பே. நாவலர் மரபுக்கு நேர்ந்த பெரிய இழப்பு இது.

காப்போர் தரப்பிலும் ஒரு குறை உண்டு. இறைச்சிக் கடைகளை விட்டுக் கோயிலைப் பற்றுவானேன் என வினவுதல் எதிரியின் முரணைக் காட்டுமேயன்றி, பலியைச் சமயச் செயலென நிறுவாது.

இருதரப்பாரும் மறந்தது நேர்த்திக்காரரை. அவருட் சிங்களவரும் பலர். பேராசிரியர் கணநாத் ஒபயசேகர 1975 இல் வெளியிட்ட ஆய்வொன்று, தமக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்குக் காளியிடம் நீதி வேண்டி இங்கு வருவோரைப் பற்றியது. நீதிமன்றத்தாலும் உறவினராலும் கைவிடப்பட்டவனுக்குக் காளி கடைசி நீதிபதி. இதனைச் 'சைவர் வழக்கம்' என்றோ 'தமிழர் உரிமை' என்றோ பெயரிட்டுப் போரிட்டோர், அங்கே யார் எதற்கு நின்றார் என்று நோக்கிலர். றொகான் பாஸ்ரின் 2002 இல் இத்தலத்தின் பல்சமய வழிபாடு பற்றி ஒரு நூலே வெளியிட்டார். படிக்க நூல் இருந்தது, பூசலிட்டோர்க்குப் பொழுதில்லை.

சட்டத்தால் இது தீருமெனக் கருதுவோர்க்குத் தமிழ்நாடு ஒரு சான்று. அங்கு 1950 ஆம் ஆண்டிலேயே பலித் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. பெரும்பாலும் ஏட்டளவிற் கிடந்தது. 2003 ஆகத்தில் அதனைக் கண்டிப்பாக நிறைவேற்ற அரசு ஆணையிட்டதும் கிராமக் கோயில்களில் எதிர்ப்பு மூண்டது. 2004 தொடக்கத்தில் அச்சட்டமே நீக்கப்பட்டது.

பலிக்கு மாற்றாகப் பூசணிக்காயை வெட்டிக் குங்குமம் தடவும் வழக்கம் பல கோயில்களில் உண்டு. காளியிடம் நீதி கேட்டு வந்தவன் அதனை ஏற்பானா என்று, இத்துணைப் பேச்சுக்கிடையில், அவனிடம் ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.