சூரை காத்த பவளப்பாறை

லட்சத்தீவில் மக்கள் வாழும் தீவுகள் பத்து. எல்லாமே பவளத்தின் மேல் அமர்ந்தவை, கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே நிற்பவை. 2011 கணக்கெடுப்பின்படி அறுபத்து நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் நெருங்கி வாழும் இத்தீவுகளில், பாறை மீன் என்றோ தீர்ந்துபோயிருக்க வேண்டும். பல பத்தாண்டுகளுக்கு அப்படி ஆகவில்லை. மீனவர்கள் பாறையைத் தாண்டி, ஆழ்கடல் சூரையைத் தேடிப் போனதுதான் காரணம்.

மினிக்காயில் சூரைத் தூண்டில் பழைய தொழில். மற்றத் தீவுகள் தேங்காயையும் கயிற்றையும் நம்பியிருந்தன. பாறை மீன் அவற்றுக்கு வீட்டுக் குழம்புக்கானது. 1960-களில் மீன்வளத் துறை இயந்திரப் படகுகளைப் பரப்பியபோது மினிக்காயின் தொழில் மற்றத் தீவுகளுக்கும் போனது.

தொழில்முறை அழகானது. காயலில் பிடித்த சிறு இரைமீன்களைப் படகுத் தொட்டியில் உயிரோடு கொண்டுபோவார்கள். சூரைக் கூட்டம் கண்ணில் பட்டதும் இரையை வீசி, நீரைத் தெளித்துக் கடல்பரப்பைக் கலக்குவார்கள். பின்தளத்தில் வரிசையாக நிற்பவர்கள் மூங்கில் கழியை இறக்கி, மீனை ஒவ்வொன்றாகத் தூக்கிப் படகுக்குள் எறிவார்கள். கொக்கியில் எதிர்முள் இல்லாததால் மீன் தானே கழன்று விழும். வலையில் தேவையற்ற உயிர்கள் சிக்கிச் சாவது இங்கே இல்லை. பிடித்ததை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் காயவைத்தால் மாசி; ஐஸ் வசதியில்லாத தீவுக்கு அதைவிடப் பொருத்தமான பண்டம் ஏது?

இதனால் பாறைக்குக் கிடைத்த ஓய்வின் அருமை 1998-இல் தெரிந்தது. கடல் சூடேறிப் பவளங்கள் பெருமளவில் வெளுத்துச் செத்தன. செத்த பவளத்தின் மேல் பாசி படர்ந்துவிட்டால் புதிய பவளம் ஒட்டி வளர இடமிருக்காது. அந்தப் பாசியை மேய்ந்து இடம் ஒழித்துத் தருபவை கிளிமீன் போன்றவை. அவற்றை யாரும் பெரிதாகப் பிடிக்காததால் பல இடங்களில் பவளம் மீண்டெழுந்தது. 2010, 2016, 2024 ஆண்டுகளில் மறுபடியும் வெளுப்பு வந்தது. 1998-க்கும் 2022-க்கும் இடையில் பவளப் பரப்பு ஏறத்தாழ பாதியாகிவிட்டதாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இந்த முறையைப் புகழ்வோர் இரண்டு குறைகளைப் பேசுவதில்லை. ஒன்று, சூரைக்கான இரைமீன் காயலிலிருந்தும் பாறை ஓரத்திலிருந்தும்தான் வருகிறது. கிளை பரப்பிய பவளம் அவற்றில் பலவற்றுக்குப் புகலிடம். பவளம் செத்தால் இரை அருகும், இரை இல்லையென்றால் சூரைப் படகு கரையில் கிடக்கும்.

மற்றொன்றை நான் இன்னும் பெரிதாக நினைக்கிறேன். பாறையைக் காப்போம் என்று தீவுகள் கூடி முடிவெடுத்ததில்லை. சூரையில் வருமானம் இருந்தது, பாறை மீனை வாங்க வெளியாள் இல்லை, அவ்வளவுதான். மாசியின் விலை முடிவாவது தீவுக்கு வெளியே. அது சரியும்போது, பாறை மீனைக் குளிரூட்டி வாங்கிப் போக வியாபாரி தயாராக நின்றால், அந்தப் பாதுகாப்பு ஒரே பருவத்தில் கரையும். அண்மை ஆண்டுகளில் களவாவுக்கும் கிளிமீனுக்கும் அந்தச் சந்தை வந்துவிட்டது. பாறைக்குப் போகும் மீனவரைப் பேராசைக்காரர் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. சின்னப் படகு போதும், டீசல் குறைவு, இரைமீனுக்கு அலைய வேண்டாம். கடனுள்ள குடும்பம் வேறெதைத் தேர்ந்தெடுக்கும்?

ஆனாலும் இழப்பு கடுமையானது. பித்ரா தீவை ஒட்டிய கடலில் களவாக்கள் அமாவாசையை ஒட்டி முட்டையிடக் கூடுகின்றன. அப்படிக் கூடும் இடத்தைச் சில பருவங்கள் தொடர்ந்து தூண்டிலிட்டாலே பெரிய மீன்கள் அற்றுப்போகலாம். சூரைக்கு அந்த நிலை எளிதில் வராது. வேகமாக வளர்ந்து பெருகும், கடல் முழுக்கத் திரியும் மீன் அது.

பாறை மீனை மொத்தமாகத் தடைசெய்யச் சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. மழைக்காலத்தில் சூரைப் படகுகள் ஓடாத மாதங்களில் தீவு வீடுகளுக்குப் பாறைதான் சோறு போடுகிறது. கட்டுப்பாடு வர வேண்டிய இடம் தீவை விட்டு வெளியேறும் குளிர்பெட்டி. கிளிமீன் ஏற்றுமதி நிற்கட்டும், களவா கூடும் நாட்களில் அந்த இடங்கள் மூடப்படட்டும், எந்த நாள், எந்த இடம் என்பதை அந்தந்தத் தீவின் மீனவர்களே குறிக்கட்டும். மாசிக்கு நியாயமான கொள்முதல் விலையை அரசு உறுதி செய்யாமல் இவற்றை மட்டும் விதித்தால், விதிகள் காகிதத்திலேயே கிடக்கும்.