மந்திரத் துடுப்பும் மறைந்த மனிதரும்

கலை களிப்புக்காகவே, அதனிடம் வரலாற்றுக் கணக்குக் கேட்பது தகாது என்பார் உளர். அவர்தம் வாதத்தைப் பரிசீலிப்பதற்குக் களிப்பூட்டுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு நாடக வகையை நாம் எடுத்துக்கொள்வோம். விக்டோரியா காலத்து ஆங்கிலப் பான்டோமைம் அத்தகையது.

நத்தாருக்கு மறுநாள் தொடங்கும் இவ்வாட்டத்தில் தேவதைக் கதை, சிலேடை மலிந்த எதுகை வசனம், ஆண் வேடம் பூண்ட நடிகை, கண்ணைப் பறிக்கும் காட்சிமாற்றம் ஆகியன இன்றியமையாதன. ஹார்லெக்குவின் என்னும் பாத்திரம் தன் மந்திரக்கோலால் தட்டியதும் ஒரு பொருள் பிறிதொரு பொருளாகும். 1851இல் பொன் கண்டெடுக்கப்பட்டபின் மக்கள் வந்து குவிந்த மெல்பேண் நகருக்கும் இவ்வாட்டம் சென்றது. பனிக்காலத்துக்கு உரிய கலை அங்கே கொடுங்கோடையில் ஆடப்பட்டது.

1873ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில், மெல்பேண் ஒப்பெரா அரங்கில் கார்னெற் வோல்ஷ் எழுதிய 'அவுஸ்திரேலியா பீலிக்ஸ்' மேடையேறியது. ஆசிரியர் தஸ்மேனியாவிற் பிறந்தவர். நாடகத்தின் துணைத்தலைப்பிலே சிரிக்கும் கூக்கபராப் பறவையும் மந்திரத் துடுப்பும் இடம்பெறுகின்றன. ஹார்லெக்குவினின் கோலையும் கிரிக்கெற் துடுப்பையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாற் சுட்டலாம். தலைப்பின் சிலேடை அதுவே. அந்நாட்களில் டபிள்யூ. ஜி. கிறேசின் ஆங்கிலேய அணியும் அந்நகரில் ஆடிக்கொண்டிருந்தது. இரவல் வடிவத்துள் சொந்த மண்ணின் பறவையைப் புகுத்தியமை குடியேற்ற நாட்டு நாடகத்தின் ஒரு முன்னேற்றப் படியே. இதனை நாம் மறுக்கவில்லை.

ஆயின், அத்தலைப்பு யார் இட்ட பெயர்? 'இன்ப அவுஸ்திரேலியா' எனப் பொருள்படும் அப்பெயரை, இன்றைய மேற்கு விக்டோரியாவின் செழும்புல் நிலங்களுக்கு 1836இற் சூட்டியவர் நில அளவையாளர் தோமஸ் மிச்செல். அதே பயணத்தில், அவ்வாண்டு மே மாதம், மறே ஆற்றங்கரையில் அவருடைய குழுவினரின் துப்பாக்கிகளுக்கு ஆதிக்குடிகள் எழுவரேனும் பலியாயினர். இன்பம் என்ற சொல்லுக்கு முன்னுரை இவ்வாறு எழுதப்பட்டது.

துடுப்பின் கதையும் அத்தகையதே. அந்த மேற்கு விக்டோரியாவின் ஆதிக்குடி இளைஞர் 1866 டிசெம்பர் 26ஆம் நாள் மெல்பேண் மைதானத்தில் பெருங்கூட்டத்தின் முன் ஆடினர். 1868இல் இங்கிலாந்து சென்ற முதல் அவுஸ்திரேலியக் கிரிக்கெற் அணியும் ஆதிக்குடிகளின் அணியே. அது 47 போட்டிகளில் ஆடி, 14இல் வென்று, 14இல் தோற்று, 19ஐ வெற்றி தோல்வியின்றி முடித்தது. மறு ஆண்டே, 1869இல், விக்டோரியாவின் ஆதிக்குடிகள் எங்கு வாழலாம், எவ்வாறு தொழில் செய்யலாம், அவர்தம் பிள்ளைகள் யார் பொறுப்பில் வளர்வது என்பவற்றையெல்லாம் அரசே விதிக்க வழிசெய்யும் சட்டம் நிறைவேறியது. நான்கு ஆண்டுகள் சென்று மந்திரத் துடுப்பு மேடையில் மின்னியபோது, அது குடியேறியோர் மைந்தரின் சின்னமாகிவிட்டிருந்தது.

காட்சிமாற்றம் மேடையில் மட்டுமோ நிகழ்ந்தது? நிலம் கைமாறிற்று; விளையாட்டும் கைமாறிற்று; அவற்றுக்கு உரியோர் திரைக்குப் பின்னே தள்ளப்பட்டனர். அரங்கில் எழுந்த சிரிப்பு உண்மையான சிரிப்புத்தான். பொற்சுரங்கத்திலும் பட்டறையிலும் உழைத்துக் களைத்தோருக்கு அது வேண்டியுமிருந்தது. எனினும், உழைப்பாளியின் களிப்புங்கூட மற்றொருவரின் இழப்பை மறக்கச்செய்யும் கருவியாகலாம் என்பதை இந்நாடகம் நமக்குக் காட்டுகிறது.

ஆதலின், மாணவர்க்கு நாடகம் கற்பிக்கும் நாம், மேடையில் நின்றவரை மட்டும் மதிப்பிடுவதோடு அமையலாகாது. சிரிப்பொலி எழுந்த வேளையில் அரங்கின் வாயிலுக்கு வெளியே நின்றவர் யார் என்றும் வினவுதல் வேண்டும்.