மடல்மா: நோயும் மருந்தும்

காதலை நோய் என்றலும், அந்நோய்க்குக் காதலியே மருந்து என்றலும் அகப்பாடல்களைப் பயின்றார் யாவரும் அறிந்த மரபு. பிற பிணிகட்கு மருந்து வேறாக இருக்க, இப்பிணிக்கு மட்டும் அதனைத் தந்தவளே மருந்தாதலை வள்ளுவரும் எடுத்துரைப்பர். இக்கருத்துப் பன்முறை பயின்று வழக்காகிவிட்டமையால், இதனின் வேறான ஒரு குரல் தொகைநூலுள் ஒலித்தலை நாம் பெரும்பாலும் செவிமடுப்பதில்லை. கலித்தொகை 140ஆம் பாடலுள் மடலேறி வரும் தலைவன், தன் உள்ளத்துத் துன்பம் தணிக்கும் மருந்தாகக் காதலியைச் சுட்டினானல்லன். தான் ஏறிவந்த குதிரையைச் சுட்டுகின்றான். அக்குதிரையோ பனைமடலாற் செய்த குதிரை. இவ்வொரு தொடரைக் கைவிளக்காகக் கொண்டு மடற்பாடல்களை மீண்டும் பயிலின் புலப்படுவன யாவை என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

கலை நோய் தணிக்கும் என்னும் கருத்து, கடந்த நூற்றாண்டில் மருத்துவத் துறையினரும் ஏற்ற ஒன்று. காசநோயுற்றுப் படுக்கையிற் கிடந்தபோது ஓவியம் வரைந்து தேறிய ஏட்ரியன் ஹில் என்னும் ஆங்கில ஓவியர், 1942ஆம் ஆண்டில் அம்முறைக்குக் கலைவழி மருத்துவம் எனப் பொருள்படும் பெயரிட்டார். 1945இல் அதுபற்றி நூலும் எழுதினார். இளம்பிள்ளைவாதத்தால் முழங்காலுக்குக் கீழ் இயக்கம் இழந்த லிஸ் ஹார்ட்டெல் என்னும் டென்மார்க்கு நாட்டு அம்மையார், குதிரையேற்றத்தைக் கைவிடாது பயின்று 1952ஆம் ஆண்டின் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கு விழாவில் வெள்ளிப் பதக்கம் வென்றார். அதன்பின் குதிரையேற்றமும் மருத்துவத்திற்குத் துணையாகப் பல நாடுகளிற் பரவிற்று. கலையின் மருந்தும் குதிரையின் மருந்தும் ஆங்கு இருவேறு நெறிகள். மடற்பாடலிலோ இரண்டும் ஒன்றாய் நிற்கின்றன. இம்மருத்துவங்களைப் பண்டைத் தமிழர் முன்னரே அறிந்திருந்தனர் எனப் பெருமை பேசுதல் எம் கருத்தன்று. அஃது ஆராய்ச்சியும் ஆகாது. நோயுற்ற உள்ளம் ஒன்றைப் படைப்பதனால் எழுந்து நிற்கும் என்னும் உண்மையைப் புலவர் எங்ஙனம் கண்டனர், அதன் எல்லையையும் எங்ஙனம் கண்டனர் என்பதே யாம் காண விழைவது.

1. குதிரை செய்தல்

சங்ககாலத்தில் குதிரை அரும்பொருள். காவிரிப்பூம்பட்டினத்து வந்து நிறைந்த பண்டங்களைப் பட்டினப்பாலை அடுக்கிச் சொல்லுங்கால், கடல்வழி வந்த குதிரைகளையே முதற்கண் வைக்கின்றது. இவ்வருமை உடைமைச் செருக்கோடு நின்றுவிடவில்லை, அன்பாகவும் விளைந்தது. முல்லைப்பாட்டுள் பாசறையில் துயில் கொள்ளாத அரசன் நினைந்து வருந்துவனவற்றுள், அம்பு தைத்துச் செவி சாய்த்து உணவு கொள்ளாது நிற்கும் குதிரைகளும் உள. புண்பட்ட குதிரைக்காக ஒருவன் துயில் இழத்தல் சிறுசெய்தியன்று.

கடல் கடந்து வந்த இக்குதிரைக்கு எதிராக, நம் கடற்கரையிலேயே நிற்கும் பனையிலிருந்து பிறக்கின்றது மடல்மா. அதனைப் புலவர் புனையும் முறை நோக்கத்தக்கது. குறுந்தொகை 173ஆம் பாடலில் பொன்னிற ஆவிரைப் பூவை நெருங்கத் தொடுத்த மாலையும், ஒலிக்கும் மணியும் பனைக்குதிரைக்கு அணிகள். நற்றிணை 220ஆம் பாடலில் சிறுமணிகளோடு பெரிய கச்சும் பூட்டப்பெறுகின்றது. குறுந்தொகை 182ஆம் பாடலோ மணியும் தாரும் பூட்டுங்கால் மரபு பிறழாது பூட்டுதலைக் குறிக்கின்றது. நகைப்புக்கு இடமாவான் ஒருவன் ஏறும் பொய்க்குதிரைக்கு மரபு எதற்கு? பித்தேறியவன் மடலை இழுத்துக்கொண்டு ஓடினான் என்பதே கருத்தாயின் இத்துணை அணிகள் வேண்டா. மெய்க்குதிரையை அன்போடு நோக்கிப் பழகிய கண்ணும் கையுமே இப்பொய்க்குதிரையைச் செய்கின்றன என்பது பெறப்படும்.

நற்றிணை 220 இக்குதிரையை உண்ணாத நல்ல குதிரை என்கின்றது. வெளிப்படைப் பொருளில் உயிரற்றது ஆதலின் உண்ணாதது. ஆயின் முல்லைப்பாட்டின் புண்பட்ட குதிரையும் உண்ணாதது; நோயுற்ற தலைவனும் உணவில் மனம் செல்லாதவன். செய்தவனுடைய நிலையைச் செய்யப்பட்ட பொருளும் தாங்கி நிற்கின்றது. கலைப்பொருளுக்கு இதனினும் சிறந்த இலக்கணம் கூறல் அரிது.

அப்பாடலில் குதிரை ஆக்குதலைக் குறிக்கும் வினை பண்ணுதல் என்பது. இச்சொல் செய்தல் என்னும் பொதுப்பொருளோடு, யானை குதிரைகளை அணிசெய்து ஆயத்தமாக்கலையும், யாழைப் பண்ணுக்கு இயைய அமைத்தலையும் குறிக்கும். படைத்தல், குதிரை பூட்டுதல், இசை கூட்டுதல் ஆகிய மூன்றும் ஒரு சொல்லுள் அடங்குகின்றன. மடலூர்வான் இம்மூன்றையும் செய்கின்றான் என்பதை நினைக்க, இச்சொல்லாட்சி தற்செயலன்று எனத் தோன்றுகின்றது. மடல் பாடிய மாதங்கீரனார் என்றே பெயர் பெற்ற புலவரும் நற்றிணை 377ஆம் பாடலில், மடலூர்ந்து அவள் நலத்தை நாடும் ஊரும் அறியப் பாராட்டுதலைச் செய்ய விரும்பாது, அதுவே பிணியாக மடிவோமோ என வினவும் தலைவனைக் காட்டுகின்றார். ஈண்டுச் செயல் ஒருபுறம், சாவு ஒருபுறம். நடுவே வேறு வழி இல்லை.

2. பாடுதல்

இனிக் கலித்தொகை 140ஆம் பாடலுக்கு வருவோம். தன்னைச் சூழ்ந்து புதுமை காண்பார்போல் நோக்கும் மக்களிடம் தலைவன் முதற்கண் கூறுவது, தான் கொண்டது மடலன்று, குதிரை என உணர்மின் என்பதே. இவன் அறிவு திரிந்தவனா? அங்ஙனம் கொள்ளுதற்கு அவனுடைய அடுத்த சொற்கள் இடந்தரவில்லை. பாடு என்றால் சிறிது பாடவும் வல்லேன், ஆடு என்றால் ஆடவும் வல்லேன் என்று அவன் அடக்கத்தோடு மொழிகின்றான். தன் ஆற்றலின் அளவை அறிந்தவன் பித்தன் ஆகான். தான் செய்த பொருளைப் பிறரும் தான் காணும் கண்ணாற் காணவேண்டும் என்னும் கலைஞனது வேண்டுகோளே அவனுடைய முதற்சொல் என்க.

அடுத்து வருவதே யாம் தொடக்கத்திற் சுட்டிய தொடர். இதனை இருவகையாகக் கொண்டு கூட்டலாம். மருந்தாக என்னும் சொல்லை ஈதல் வினையோடு கூட்டின், நல்ல நெற்றியையுடையாள் மருந்தாகத் தந்த இக்குதிரையைப் பாடுவேனோ எனப் பொருள்படும், குதிரை மருந்தாகும். பாடுதல் வினையோடு கூட்டின், என் துன்பம் தணிக்கும் மருந்தாக இக்குதிரையைப் பாடுவேனோ என்றாகும், பாட்டு மருந்தாகும். எவ்வாறு கொள்ளினும் காதலி நோய்க்கும் குதிரைக்கும் காரணமாக நிற்கின்றாளேயன்றி மருந்தாக நிற்கவில்லை. அவள் தந்தது துன்பம். அத்துன்பத்திலிருந்து அவன் செய்தது குதிரை. குதிரையிலிருந்து பிறந்தது பாட்டு. இவ்வரிசையைப் புலவர் ஒரே தொடரில் அமைத்துவிட்டார்.

இம்மருந்தின் செயலை உணர, முன்னுள்ள 139ஆம் பாடலோடு ஒப்பிடல் வேண்டும். பிறர் நோயையும் தம் நோய்போற் கருதுதல் சான்றோர் கடன் என்று தொடங்கும் அப்பாடலில், தலைவனுடைய உயிர் நெருப்புப் பரந்த நெய்யுள் இட்ட மெழுகு போல மெல்லமெல்லத் தேய்கின்றது. மெழுகு வடிவிழப்பது; குதிரை வடிவு பெறுவது. உருகிச் சிதையும் உள்ளம் உருவம் ஒன்றைச் செய்து அதன்மேல் ஏறி அமர்தலே மடலூர்தல். பனைமட்டையின் இருபுறமும் வாட்பல் போன்ற கருக்கு உண்டு. அது தன்மேல் ஏறுவானைக் கிழிக்கும். எனவே இம்மருந்து இனிய மருந்தன்று. ஆயினும் காரணமறியாது உள்ளே எரியும் நோயினும், காரணமறிந்து தானே ஏற்ற புண் பொறுத்தற்கு எளிது.

3. எழுதுதல்

மடலூர்வான் கையில் காதலியின் உருவெழுதிய கிழி இருத்தல் கோவை நூல்களில் நன்கு விளக்கம் பெறுகின்றது. திருக்கோவையாரின் மடற்றிறம் என்னும் பகுதியில் தலைவன் கூறும் ஓவியம் வியப்புக்குரியது. அவன் அவளை மட்டும் எழுதுவதாகக் கூறவில்லை; அழிகின்ற தன்னையும் நிலைபெற்ற அவளையும் ஒரே கிழியில் எழுதிக் கைக்கொண்டு தெருவில் வருவதாகக் கூறுகின்றான். தன் அழிவைத் தானே எழுதுபவன் அவ்வழிவினின்றும் ஓரடி விலகி நிற்கின்றான். அவ்வோரடியே மருந்து தொடங்கும் இடம்.

அங்குத் தோழி கூறும் மறுமொழி நகைச்சுவை மட்டும் உடையதன்று. அவள் உறுப்புகளை எழுதலாம். யாழை ஒத்த சொல்லையும் எழுத வல்லையோ என்னும் கருத்துப்பட அவள் வினவுகின்றாள். ஓவியத்தின் எல்லையை ஒரு பெண் சுட்டிக்காட்டும் இடம் இது. எழுதப்பட்டவள் பேசவில்லை என்பதை அவள் நினைவூட்டுகின்றாள்.

4. ஒரு மாணவியின் வினா

இதுகாறும் கூறியவற்றைப் பல்லாண்டு வகுப்பில் ஐயமின்றி உரைத்து வந்தோம். ஒருநாள் மாணவி ஒருத்தி எழுந்து, அவனுக்கு மருந்தாகும் அக்குதிரை அவளுக்கு நஞ்சன்றோ என வினவினாள். அவ்வினாவுக்கு அன்று விடை கூற இயலவில்லை. அவ்வினாவே இக்கட்டுரையை எழுதச் செய்தது.

வினாவின் நேர்மையை மறுத்தற்கில்லை. மடலேறுவான் தெருவில் அவள் பெயரைப் பரப்புகின்றான். குறுந்தொகை 14ஆம் பாடலில் தொல்கபிலர் காட்டும் தலைவன், இந்நல்லாள் கணவன் இவன் என ஊரார் கூறக் கேட்டுத் தான் சிறிது நாணலாம் என எண்ணி மகிழ்கின்றான். அவளது நாணம் எத்துணை என அவன் எண்ணவில்லை. கலித்தொகை 141ஆம் பாடலில் மடலூர்ந்து பாடக் கேட்ட சுற்றத்தார், போர்வல்ல பாண்டியனுக்குப் பகைவர் திறை கொடுத்தாற்போலப் பெண்ணைக் கொடுத்தனர் என்று புலவர் முடிக்கின்றார். திறை அன்பினாற் கொடுக்கப்படுவதன்று, அச்சத்தாற் கொடுக்கப்படுவது. இவ்வுவமையைத் தெரிந்தெடுத்த புலவர் அதன் கசப்பை அறியாதிருந்தார் எனல் பொருந்தாது.

5. சொல்லளவில் நிற்கும் குதிரை

இவ்விடத்தில் தொல்காப்பியரின் பாகுபாடு நமக்கு ஒளி தருகின்றது. மடலேறுவேன் என்று கூறுதலைக் களவொழுக்கத்தில் அவர் உடன்படுகின்றார். மடல் ஏறிவிடுதலைப் பெருந்திணையுள் வைக்கின்றார். இதனை ஒழுக்க விதி என்றே உரைப்பது வழக்கம். யாம் இதனைக் கலையின் விதியாகவும் கொள்ளலாம் என்கின்றோம். குறுந்தொகை, நற்றிணையில் உள்ள மடற்பாடல்களுள் மிகப்பல ஏறுவேன் என்னும் சொல்லளவிலேயே நிற்கின்றன. அக்குதிரைக்குப் பனை வெட்டப்படவில்லை. அது தெருவில் வரவில்லை. சொல்லாலேயே செய்யப்பட்டுச் சொல்லாலேயே அணியப்பட்டது. அவ்வளவில் அது சொல்வானுடைய நோயை உருவாக்கிக் காட்டித் தணிக்கின்றது. பிறர் எவரையும் கிழிப்பதில்லை. சொல் எல்லை கடந்து தெருவுக்கு வந்தவழி மருந்தே படைக்கலம் ஆகின்றது. அவ்வெல்லைக் கோட்டையே இலக்கணம் வரைந்தது.

எல்லை கடந்தவனையும் புலவர் முற்றும் கைவிட்டிலர். 140ஆம் பாடலின் இறுதியில் அவன் பெண்ணைத் திறையாகக் கேட்கவில்லை. என் மயக்கம் நீங்க அவள் அருளுமாறு செய்வீராயின் அஃது உமக்கு அறமாம் என்கின்றான். அவளது அருளும் ஊராரது அறமும் அவன் முடிவாக நாடுவன. கலை நோயாளியை எழுப்பி நிறுத்தும். அவன் முழுதும் தேறுதற்குப் பிறர் நெஞ்சம் வேண்டும். நற்றிணை 220இல் பனைக்குதிரையோடு தெருவெல்லாம் திரியும் சிறுபிள்ளைகளைத் தலைவன் பெருஞ்சான்றோர் எனப் போற்றுதலின் நயமும் இதுவே. அவன் குதிரையைக் குதிரையாகக் கண்டவர் அவர் மட்டுமே.

எஞ்சுவது பெண்ணின் நோய். அவளுக்கு இம்மருந்து மறுக்கப்பட்டது. பெண்பால் மடலேறுதல் எத்திணையிலும் இல்லை என்பது தொல்காப்பிய விதி. கடல்போன்ற காமத்திலும் மடலேறாப் பெண்மையை வள்ளுவர் பெருமையாகப் பாராட்டுவர். பின்னர்த் திருமங்கையாழ்வார் சிறிய திருமடலிலும் பெரிய திருமடலிலும் பெண் குரலில் நின்று மடலூர்தலைப் பாடினார். பெரிய திருமடலில் அத்தலைவி தென்மொழி மரபின் தடையைக் கேட்டறிந்தும் ஏற்க மறுக்கின்றாள். விதி தகர்ந்தது உண்மை. ஆயினும் பாடியவர் ஆடவர்; பாட்டுடைத் தலைவன் இறைவன். மண்ணுலகப் பெண்ணொருத்தி தன் நோயிலிருந்து தானே ஒரு குதிரையைச் செய்துகொண்ட பாடலை இவற்றுள் யாம் கண்டிலோம்.

முடிவுரை

மடல்மாவை அச்சுறுத்தல் என்று மட்டும் காண்பதும் காதலின் வீறு என்று மட்டும் புகழ்வதும் குறையுடைய காட்சிகள். குதிரையன்பும் கைத்திறனும் ஓவியமும் பாட்டும் நோயுற்றான் ஒருவனிடத்து ஒன்றுகூடி அவனை எழுப்பிய வரலாறு அது. அம்மருந்து சொல்லாகவும் கலையாகவும் நிற்குமளவும் மருந்து. பிறர் வாழ்வை வளைக்கப் புகுங்கால் நஞ்சு. மாணவியின் வினாவுக்கு யாம் காலந்தாழ்த்துக் கூறும் விடை இதுவே. இவ்விடை அவள் வினாவில் பாதிக்கே போதும் என்பதையும் அறிவோம். மறுபாதியை ஆராய்தற்கு உரியவர் அவளும் அவளை ஒத்த ஆய்வாளருமே.